பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முன்னோரைத் தேடுபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பத்தின் கொடிவழியை எழுத உட்காருகிறவர் சீக்கிரமே மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவேடுகளின் முன்னால் வந்து நிற்பார். கொள்ளுத் தாத்தாவின் பெயரும் அவருடைய அண்ணன் தங்கைகளின் பெயர்களும் 150 ஆண்டு பழைய கையெழுத்தில் ஒரே தாளில் வரிசையாக நிற்பதைப் பார்ப்பது பெரிய மகிழ்ச்சி. தவறுகள் நடப்பதும் அந்த மகிழ்ச்சியில்தான். தாளில் இருப்பது ஒரு நாள், ஒரு வாசலில், யாரோ ஒருவர் கொடுத்த வாக்குமூலம். சாட்சியை விசாரிப்பதுபோல அதையும் விசாரிக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்துப் பதிவேடுகளைச் சுற்றி வருகின்றன. இந்தியாவைப் பற்றிய கேள்வியும் தவறாமல் வருவதால் அதற்கும் இடம் உண்டு.

எங்கிருந்து தொடங்குவது?

கடைசியிலிருந்து. பெயரும் ஊரும் உறுதியாகத் தெரிந்த, பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் மிக அண்மைய கணக்கெடுப்பில் ஆளைப் பிடித்துக்கொண்டு, பத்துப் பத்து ஆண்டுகளாகப் பின்னால் போக வேண்டும். 1790-இல் அதே குடும்பப் பெயரில் ஒருவரைக் கண்டுபிடித்து, "இவர்தான் எங்கள் மூதாதை" என்று அங்கிருந்து கீழே இறங்கி வருபவர்கள், பெரும்பாலும் வேறொருவருடைய குடும்பத்துக்கு அழகான வரலாறு எழுதி முடிக்கிறார்கள்.

பெயர்வாரியாக எடுக்கப்பட்ட மிகப் பழைய கணக்கெடுப்புகள் எவை?

வட அமெரிக்காவின் பிரெஞ்சுக் குடியேற்றமான நியூ பிரான்சில் 1666-இல் ழான் தலோன் என்ற நிர்வாகி கணக்கெடுத்தார். அதில் 3,215 பேர் பெயர், வயது, தொழிலோடு பதிவாகியிருக்கிறார்கள். அடுத்துப் பேச வேண்டியது 1703-இல் ஐஸ்லாந்தில் நடந்தது. ஒரு நாட்டின் மக்கள் அனைவரையும் பெயர் சொல்லிப் பதிந்த அந்தக் கணக்கில் 50,358 பேர் இருந்தார்கள். வீடு வாசல் இல்லாமல் ஊர் ஊராகத் திரிந்த பிச்சைக்காரர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. அந்தப் பணியை நடத்திய இருவரில் ஒருவர், பழைய ஐஸ்லாந்தியக் கையெழுத்துச் சுவடிகளைத் தேடிச் சேகரித்த ஆர்னி மாக்னுசோன். சுவடி தேடுகிற கையில் குடிக்கணக்கும் அகப்பட்டது நம் அதிர்ஷ்டம். யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2013-இல் இந்த ஆவணம் சேர்க்கப்பட்டது.

அப்படியானால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொடக்கக் கணக்கெடுப்புகளில் எல்லாருடைய பெயரும் ஏன் இல்லை?

அரசுக்குப் பெயர் தேவைப்படவில்லை. அமெரிக்க அரசமைப்புச் சட்டம், மாநிலங்களுக்கு நாடாளுமன்ற இடங்களைப் பிரித்துக் கொடுக்கத் தலையெண்ணிக்கை கேட்டது. 1790 ஆகஸ்டு 2-ஆம் தேதியை நிலைநாளாக (அன்று இருந்தவர்களே கணக்கு என்ற நாளாக) வைத்து எண்ணியபோது குடும்பத் தலைவரின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு மற்றவர்களைக் கட்டங்களில் எண்ணிக்கையாக அடைத்தார்கள். வெள்ளை ஆண்களை மட்டும் 16 வயதுக்கு மேல், கீழ் என்று பிரித்தது எதற்கென்றால், துப்பாக்கி தூக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள. பெண்களுக்கு அந்தப் பிரிவு இல்லை.

பிரிட்டனில் 1801 மார்ச் 10-இல் முதல் கணக்கெடுப்பு. மக்கள் பெருகுகிறார்களா, உணவு போதுமா என்ற வாதம் சூடாக இருந்த காலம் அது. உணவைவிட வேகமாக மக்கள் பெருகுவார்கள் என்று எச்சரித்த மால்தஸின் கட்டுரை 1798-இல்தான் வெளிவந்திருந்தது. 1831 வரை நான்கு கணக்கெடுப்புகளிலும் எண்களை மட்டுமே மேலே அனுப்பினால் போதும் என்ற நிலை. ஆனாலும் சில திருச்சபை வட்டங்களில் கணக்கெடுத்தவர்கள் தங்கள் வசதிக்காகப் பெயர்ப்பட்டியல் எழுதிவைத்தார்கள். அவற்றில் சில உள்ளூர் ஆவணக் காப்பகங்களில் இன்னும் இருக்கின்றன. தேடும் வட்டாரத்துக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதில் நட்டம் இல்லை.

தலைவர் பெயரும் எண்களும் மட்டும் உள்ள 1790–1840 அமெரிக்கப் பதிவுகளால் என்ன பயன்?

பலர் இந்த ஆறு கணக்கெடுப்புகளையும் புரட்டாமலே தாண்டிப் போகிறார்கள். அது பெரிய இழப்பு. தலைக்கட்டு வரிக் கணக்கு மாதிரி வறண்டு கிடக்கும் அந்தக் கட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஆள் முகம் தெரியத் தொடங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. 1810-இல் ஒருவர் 26 முதல் 44 வயது வரையிலான கட்டத்தில் இருக்கிறார். அப்படியானால் அவர் பிறந்தது ஏறத்தாழ 1766-க்கும் 1784-க்கும் இடையில். 18 ஆண்டு அகலமுள்ள இந்த வலையால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றும். அதே ஆள் 1830-இல் 40 முதல் 49 வயதுக் கட்டத்தில் இருந்தால், பிறப்பு 1780-க்கும் 1790-க்கும் இடையில். இரண்டும் மேற்படியும் பகுதியை மட்டும் எடுத்தால் 1780–1784. ஒரு பெயர்கூடக் கூடுதலாகத் தெரியாமல், வெறும் இரண்டு கட்டங்களை வைத்தே பிறந்த ஆண்டை நாலைந்து ஆண்டுகளுக்குள் நெருக்கிவிட்டோம். 1840-இல் அதே பெயருக்கு எதிரே 70 வயதுக்காரர் ஒருவர் நின்றால், அது வேறு ஆள் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

பிள்ளைகளுக்கும் இதே வழிதான். ஒரு தாள் எடுத்து, ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் வீட்டில் எந்த வயதுக் கட்டத்தில் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று நெடுக்காக எழுதிக்கொள்ளுங்கள். உயில், நிலப் பத்திரம், திருமணப் பதிவு ஆகியவற்றில் கிடைக்கும் பெயர்களை அந்த இடங்களில் பொருத்திப் பாருங்கள். உயிலில் மூன்று மகன்கள், கட்டத்தில் நான்கு சிறுவர்கள் என்றால் ஒருவர் இறந்திருக்கலாம். அல்லது அந்த நான்காவது சிறுவன் அண்ணன் மகனாகவோ வேலைக்காரப் பையனாகவோ இருக்கலாம். வீட்டிலுள்ள மூத்த ஆண்தான் குடும்பத் தலைவர் என்று நாமாக முடிவு கட்டவும் கூடாது. மகன் தலைவராகவும் வயதான தகப்பன் எண்ணிக்கையில் ஒரு கோடாகவும் இருந்த வீடுகள் ஏராளம்.

1820-க்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அதில் 16–18 வயது ஆண்களுக்குத் தனிக் கட்டம் உண்டு, அதே பையன்கள் 16–26 வயதுக் கட்டத்திலும் மறுபடி எண்ணப்பட்டிருக்கிறார்கள். இதை அறியாமல் கூட்டினால் வீட்டில் இல்லாத ஒரு மகன் பிறந்துவிடுவான்.

1850-இல் என்ன மாறியது?

சுதந்திரமாக இருந்த ஒவ்வொருவரின் பெயரும் வயதும் பிறந்த மாநிலமோ நாடோ எழுதப்பட்டது. ஆனால் வீட்டிலுள்ளவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி 1880-இல்தான் வந்தது. ஒவ்வொருவருடைய தாயும் தகப்பனும் எங்கே பிறந்தார்கள் என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து வந்தது. ஆகவே 1850, 1860, 1870 பதிவுகளில் ஒரு ஆண், ஒரு பெண், நான்கு குழந்தைகள் என்று பார்த்தவுடன் கணவன், மனைவி, மக்கள் என்று எழுதிவிடுவது அவசரம். அண்ணன், தங்கை, இறந்துபோன தம்பியின் பிள்ளைகள் என்றும் அதே ஆறு பேர் இருக்கலாம்.

1850 முதல் 1880 வரை இன்னொரு பட்டியலும் தனியே எடுக்கப்பட்டது: கணக்கெடுப்புக்கு முந்தைய 12 மாதங்களில் இறந்தவர்களின் பட்டியல். பெயர், வயது, இறந்த மாதம், காரணம் எல்லாம் அதில் இருக்கும். இறப்புப் பதிவு கட்டாயமாக இல்லாத மாநிலங்களில் ஒரு குழந்தை பிறந்து இறந்ததற்கு இது ஒன்றே எழுத்துச் சான்றாக நின்றுபோயிருக்கலாம். இதைத் திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள் என்ன செய்வது?

இந்தப் பதிவேடுகளிலேயே மனத்தை மிகவும் கனக்கச் செய்யும் பக்கங்கள் இவை. 1850, 1860 ஆகிய இரு கணக்கெடுப்புகளிலும் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. அதில் உடைமையாளரின் பெயர் முழுதாக இருக்கும். அதன் கீழே வயது, பால், நிறம் மட்டும். 1860-இல் ஏறத்தாழ 40 லட்சம் மனிதர்கள் அடிமைகளாக இருந்தார்கள். பட்டியலில் அவர்கள் பெரும்பாலும் பெயரில்லாத வரிகள். அவர்கள் எல்லாரும் பெயரோடு எழுதப்பட்ட முதல் கணக்கெடுப்பு 1870.

அதற்குப் பின்னால் போக வேண்டுமானால் 1870 பதிவை அக்கம்பக்கத்து வீடுகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். விடுதலைக்குப் பின் பலர் அதே வட்டாரத்தில்தான் தங்கினார்கள். அருகில் உள்ள வெள்ளை நிலவுடைமையாளர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, 1860-இன் பட்டியலில் அந்தப் பெயர்களின் கீழே வயதும் பாலும் பொருந்துகிற வரிகள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். பொருந்தினால் அது ஒரு துப்பு மட்டுமே. அந்த உடைமையாளர் இறந்தபோது எடுத்த சொத்துக் கணக்கில்தான் பெயர்கள் வரும். மாட்டுக்கும் மேசைக்கும் இடையே மனிதர்களின் பெயர்கள். விடுதலை பெற்றவர்களுக்காக அமைக்கப்பட்ட அரசுத் துறையின் ஆவணங்களும், அவர்களுக்கென 1865-இல் தொடங்கிய சேமிப்பு வங்கியின் கணக்கேடுகளும் அடுத்துப் பார்க்க வேண்டியவை. வங்கி ஏடுகளில் தாய், தகப்பன், உடன்பிறந்தார் பெயர்களைக்கூடப் பலர் சொல்லியிருக்கிறார்கள். கடைசி உடைமையாளரின் குடும்பப் பெயரைத்தான் எல்லாரும் வைத்துக்கொண்டார்கள் என்று நம்ப வேண்டாம்.

பிரிட்டனின் 1841 பதிவில் வயது ஏன் எல்லாருக்கும் 20, 25, 30 என்றே இருக்கிறது?

15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைக் கீழே உள்ள ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி உத்தரவு. 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். ஆகவே 35 என்றிருந்தால் 35 முதல் 39 வரை என்று படியுங்கள். சில கணக்கெடுப்பாளர்கள் உத்தரவை மதிக்காமல் உண்மை வயதையே எழுதியிருக்கிறார்கள். அவர்களை வாழ்த்துவோம்.

1841-இல் உறவுமுறையும் இல்லை. பிறந்த ஊரும் இல்லை. வசிக்கும் கவுண்டியிலேயே (நம் மாவட்டம் போன்றது) பிறந்தவரா என்பதற்கு ஆம், இல்லை என்ற ஓர் எழுத்துதான். பென்சிலால் எழுதியதால் பல பக்கங்கள் மங்கிவிட்டன. 1851 மார்ச் 30-இல் நடந்த அடுத்த கணக்கெடுப்பில்தான் உறவு, மண நிலை, உண்மை வயது, பிறந்த ஊர் எல்லாம் வந்தன. 1841-இல் வாழ்ந்து 1851-க்குள் இறந்தவரின் பிறந்த ஊரைத் தேட வேறு ஆவணத்துக்குத்தான் போக வேண்டும்.

ஒரு செய்தியை நினைவில் வையுங்கள். 1841 முதல் 1901 வரை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நாம் பார்ப்பது குடும்பத்தார் நிரப்பிய படிவத்தை அல்ல. கணக்கெடுப்பாளர் அதைப் பார்த்துப் படியெடுத்த புத்தகத்தை. குடும்பப் படிவங்கள் அழிக்கப்பட்டுவிட்டன. 1911-இல்தான் முதன்முதலாகக் குடும்பத் தலைவரின் சொந்தக் கையெழுத்தே பிழைத்து நம் கைக்கு வருகிறது. அதில் மணமாகி எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விகள் மணமான பெண்களுக்கு மட்டும். மனைவியை இழந்த ஆண்கள் பலர் அதையும் நிரப்பிவிட்டார்கள். அதிகாரி மேலே சிவப்பு மையால் அடித்திருந்தாலும் விவரம் படிக்கும்படி இருக்கும். அவர்களுக்குப் புரியாமல் போன கேள்வி நமக்குப் பரிசு.

ஒரே ஆளின் வயது பத்தாண்டில் ஏழு கூடுகிறது, அல்லது பதினைந்து கூடுகிறது. எது உண்மை?

பொதுவாக, இளமைக்கு அருகில் சொன்னதே உண்மைக்கு அருகில் இருக்கும். ஆனால் காரணத்தைத் தேடினால் பதில் சுவையாகிவிடும். கணவனைவிட மூத்த மனைவி சில ஆண்டுகளை உதிர்த்துவிடுவார். வேலைக்குப் போகும் வயது வராத சிறுவனுக்கு வயது கூடும். பதில் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் எல்லாம் குத்துமதிப்பு. யார் பதில் சொன்னார் என்று பெரும்பாலும் தெரியாது. அமெரிக்காவின் 1940 பதிவில் மட்டும் தகவல் தந்தவரின் பெயருக்கு எதிரே வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இருக்கும்.

அயர்லாந்தில் இந்தப் புதிருக்குப் புகழ்பெற்ற ஒரு விடை உண்டு. 1901-இல் 55 வயதாக இருந்தவர் 1911-இல் 70 ஆகியிருப்பார். இடையில் நடந்தது என்ன? 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் தரும் சட்டம் 1908-இல் வந்து, 1909 ஜனவரியில் பணம் தரத் தொடங்கினார்கள். அங்கே எல்லாருக்குமான பிறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது என்பதால், முதியவர்கள் யாரிடமும் பிறப்புச் சான்று இல்லை. 1839 ஜனவரி 6-ஆம் தேதி இரவு வீசிய பெருங்காற்று நினைவிருக்கிறதா என்று அதிகாரிகள் கேட்டதாகவும், ஊரே நினைவிருக்கிறது என்று சொன்னதாகவும் அங்கே இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். எழுத்துச் சான்று வேண்டியவர்களுக்காக 1841, 1851 கணக்கெடுப்புகளை அதிகாரிகள் புரட்டி, அந்தக் குடும்பத்தின் விவரத்தைத் தனிப் படிவத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த இரு கணக்கெடுப்புகளின் மூலங்களும் 1922-இல் பெரும்பகுதி எரிந்துபோயின. ஓய்வூதியத்துக்காக எழுதிய அந்தத் துண்டுப் படிவங்கள் தப்பிவிட்டன. முழு மரம் எரிந்தபின் உதிர்ந்து கிடந்த இலைகளைப் பொறுக்குவதுபோல இன்று ஆய்வாளர்கள் அவற்றைப் பொறுக்குகிறார்கள்.

பெயரைத் தட்டினால் வருவதே இல்லை. பதிவு இல்லை என்று முடிவு செய்யலாமா?

அவசரப்பட வேண்டாம். நீங்கள் தேடுவது மூலத்தை அல்ல, யாரோ படித்துத் தட்டச்சு செய்த பெயரடைவை. முன்னோர் உச்சரித்தார், கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தபடி எழுதினார், எழுத்தர் படியெடுத்தார், நூறாண்டு கழித்து இன்னொருவர் அந்தக் கையெழுத்தைப் படித்தார். நான்கு கை மாறிய பெயர் அப்படியே இருந்தால்தான் வியப்பு.

சில வழிகள். குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதற்பெயர், வயது, ஊர் ஆகியவற்றை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். வீட்டில் யாருக்காவது அபூர்வமான பெயர் இருந்தால் அவரைத் தேடுங்கள். ஜான்களுக்கு நடுவே ஒரு பார்த்தலோமியு இருந்தால் அவர்தான் உங்கள் கொழுகொம்பு. முன்பு அதே தெருவில் இருந்த அண்டை வீட்டார் எளிதில் கிடைத்தால், அவர்கள் பக்கத்தைத் திறந்து முன்னும் பின்னும் பத்துப் பக்கம் கையால் புரட்டுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதுபோலப் பலன் தருவது வேறில்லை.

ஒலியை வைத்துத் தேடும் சவுண்டெக்ஸ் முறையும் உண்டு. முதல் எழுத்தை அப்படியே வைத்து, மிச்ச மெய்யொலிகளை மூன்று எண்களாக்கும் இந்த முறைக்கு அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை கிடைத்தது. 1880 கணக்கெடுப்புக்கு இந்த முறையில் அட்டவணை போட்டபோது, 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் இருந்த வீடுகளை மட்டும்தான் சேர்த்தார்கள். காரணம் மறுபடியும் ஓய்வூதியம்: 1930-களில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வயதை நிரூபிக்க வேண்டியிருந்தவர்கள் அந்தக் குழந்தைகள்தான். சவுண்டெக்ஸுக்கு ஒரு பலவீனம்: முதல் எழுத்தே தவறாகப் படிக்கப்பட்டிருந்தால் அது கைவிட்டுவிடும்.

உறவுச் சொற்களை அப்படியே நம்பலாமா?

இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, உறவு சொல்லப்படுவது குடும்பத் தலைவருக்கு மட்டுமே. "மகன்" என்றால் தலைவரின் மகன். அருகில் உள்ள மனைவிதான் பெற்றவள் என்று பதிவு சொல்லவில்லை. மூத்த பிள்ளையின் வயதுக்கும் மனைவியின் வயதுக்கும் இடையே 14 ஆண்டுதான் இருக்கிறது என்றால் முதல் மனைவி ஒருவரைத் தேடுங்கள். அமெரிக்காவின் 1900, 1910 பதிவுகளில் எத்தனை குழந்தைகளைப் பெற்றார், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று பெண்களிடம் கேட்டிருப்பதால், அந்த எண்ணைக் கொண்டு இதைச் சரிபார்க்கலாம்.

இரண்டாவது, சொற்களின் பொருள் மாறியிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'சன் இன் லா' என்பது மருமகனை மட்டுமல்ல, மனைவியின் முந்தைய கணவனுக்குப் பிறந்த மகனையும் குறிக்கும். ஆறு வயது மருமகனைக் கண்டு குழந்தைத் திருமணம் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

படத்தில் உள்ள குறிகளும் கிறுக்கல்களும் என்ன?

பிரிட்டிஷ் புத்தகங்களில் பெயர்களின் பக்கத்தில் சாய்கோடுகள் தெரியும். இரட்டைக் கோடு ஒரு கட்டடம் முடிவதையும், ஒற்றைக் கோடு அதே கட்டடத்துக்குள் ஒரு குடும்பம் முடிவதையும் காட்டும். இதைக் கவனிக்காமல் ஒரே வீட்டார் என்று சேர்த்து எழுதினால் வாடகைக்குடி உறவாகிவிடும். வயதின் மேல் அடித்த தடித்த கோடுகள் எண்ணிக்கை கூட்டிய எழுத்தரின் வேலை. பல இடங்களில் 3 எது, 8 எது என்று தெரியாதபடி செய்துவிட்டார். "ஏஜி லேப்" என்று பார்த்தால் விவசாயக் கூலி. அடிக்கடி பார்ப்பீர்கள்.

கணக்கெடுப்பு நாள் ஏன் அவ்வளவு முக்கியம்?

அமெரிக்காவில் 1850-இன் நிலைநாள் ஜூன் 1. கணக்கெடுப்பாளர் செப்டம்பரில் வந்தாலும் ஜூன் 1 அன்று யார் இருந்தார்கள் என்பதையே எழுத வேண்டும். ஜூலையில் பிறந்த குழந்தை வரக் கூடாது. ஆகஸ்டில் இறந்த தாத்தா உயிரோடு வர வேண்டும். பலர் இதைப் பின்பற்றவில்லை. ஆகவே பக்கத்தின் மேலே எழுதியுள்ள தேதி, நிலைநாள் இரண்டையும் குறித்துக்கொண்டுதான் வயதைக் கணக்குப் போட வேண்டும். பிரிட்டனில் குறிப்பிட்ட இரவில் அந்தக் கூரையின் கீழ் தங்கியவர்கள்தான் கணக்கு. கப்பலோட்டியும் மகப்பேற்றுக்கு உதவப் போன அம்மாவும் தங்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள்.

அழிந்துபோன கணக்கெடுப்புகள் எவை?

அமெரிக்காவின் 1890. ஏறத்தாழ 6 கோடியே 30 லட்சம் பேரின் பதிவு. 1921 ஜனவரி 10-இல் வாஷிங்டனில் வர்த்தகத் துறைக் கட்டடத்தின் நிலவறையில் தீப்பிடித்தது. எரிந்தது ஒரு பகுதி, தீயணைக்கும் நீரில் ஊறியது மிச்சம். அந்த மிச்சத்தையும் காப்பாற்றாமல் பல ஆண்டுகள் போட்டுவைத்து, அழித்துவிட 1933 பிப்ரவரி 21-இல் நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்துக்கு அதிபர் ஹூவர் அடிக்கல் நாட்டியது அதற்கு முந்தைய நாள்! இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 6,000 பெயர்கள். 1880-க்கும் 1900-க்கும் இடையிலான அந்தப் பள்ளத்தைத் தாண்ட நகர முகவரிப் புத்தகங்கள், வரிப் பட்டியல்கள், சில மாநிலங்கள் தாமே எடுத்த கணக்கெடுப்புகள் உதவும்.

இங்கிலாந்து, வேல்ஸின் 1931 பதிவு 1942 டிசம்பரில் தீயில் போனது. போரால் 1941-இல் எடுக்கவே இல்லை. அந்த இடைவெளிக்கு 1939 செப்டம்பர் 29-இல் எடுத்த தேசியப் பதிவேடு துணை; அதில் பிறந்த தேதியே உண்டு. அயர்லாந்தில் 1922 ஜூன் 30-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்தது. 1881, 1891 பதிவுகள் அதற்கு முன்பே, முதல் உலகப் போரின்போது, காகிதக் கூழாகிவிட்டன. முழுதாக நிற்கும் 1901, 1911 பதிவுகளை அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

புதிய பதிவுகளை ஏன் பார்க்க முடியவில்லை?

உயிரோடிருப்பவர்களின் மறைவுரிமைக்காக. அமெரிக்காவில் 72 ஆண்டு காத்திருக்க வேண்டும். 1950 பதிவு 2022 ஏப்ரல் 1-இல் திறந்தது. பிரிட்டனில் 100 ஆண்டு. 1921 பதிவு 2022 ஜனவரி 6-இல் வந்தது.

இந்தியாவின் பழைய கணக்கெடுப்பில் என் முன்னோர் பெயர் கிடைக்குமா?

கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 1871–72-இல் தொடங்கி, 1881 பிப்ரவரி 17-இல் நாடு தழுவி ஒரே நாளை ஒட்டி எடுத்து, அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை தொடர்ந்தாலும், வீட்டுவாரிப் படிவங்களைக் குடும்ப ஆய்வுக்கென்று காத்துவைக்கவில்லை. நமக்கு மிஞ்சியவை அறிக்கைகளும் அட்டவணைகளும். 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டமும் தனிமனிதப் பதிவுகளை யாரும் பார்வையிட முடியாது என்கிறது. அறிக்கைகள் வீண் அல்ல: எந்தத் தாலுகாவில் என்ன தொழில், எவ்வளவு பேர் என்ற சூழல் அவற்றில் உண்டு. ஆள் கிடைக்க மாட்டார், அவ்வளவுதான்.

பெயருக்கு வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். கடல் கடந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களைப் பொறுத்தவரை, ஊரில் தங்கியவர்களைவிட அவர்களுக்கே நல்ல ஆவணம் வாய்த்திருக்கிறது. வரலாற்றின் கசப்பான விளையாட்டு. 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பனை அடைந்தது முதல் 1911 வரை அந்த நேட்டாலுக்குப் போன 1,52,000-க்கும் மேற்பட்டவர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா எல்லாம் உண்டு. மொரீசியஸ் குடியேறிகளின் ஆவணங்கள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. இலங்கையில் டச்சுக்காரர் காலத்துத் தோம்புகள் என்ற பதிவேடுகள் நிலத்தோடு குடும்பத்தையும் பதிந்தவை. ஹரித்துவாரில் பண்டாக்கள் என்ற புரோகிதர்கள் யாத்திரிகர்களின் தலைமுறைகளை எழுதிவைத்த ஏடுகள் புகழ்பெற்றவை. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலயத்து ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள்.

கண்டுபிடித்ததை எப்படிக் குறித்துவைப்பது?

தாளில் உள்ளபடியே, தவறான எழுத்துக்கூட்டலோடும் தவறான வயதோடும். உங்கள் திருத்தத்தைத் தனியே எழுதுங்கள். ஆண்டு, மாநிலம், ஊர், பக்க எண், வீட்டு எண் அனைத்தும் வேண்டும். படத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்னே ஒரு பக்கம், பின்னே ஒரு பக்கம் என்று சேர்த்தே வையுங்கள். இன்று அந்நியராகத் தெரியும் அண்டை வீட்டார் அடுத்த பத்தாண்டில் சம்பந்தியாகி நிற்பார்கள்.

எல்லாம் செய்தும் ஆள் இல்லை. உண்மையிலேயே விட்டுப்போயிருக்கலாமா?

இருக்கலாம். மலைக்காட்டுக் குடிசைகளையும் நெரிசலான வாடகைக் குடியிருப்புகளையும் கணக்கெடுப்பாளர்கள் தவறவிட்டிருக்கிறார்கள். வரிக்கும் படைச் சேர்க்கைக்கும் பயந்து ஒளிந்தவர்கள் உண்டு. பக்கங்களே தொலைந்ததும் உண்டு. அமெரிக்காவின் 1790 பதிவில் வர்ஜீனியா, நியூ ஜெர்சி உள்ளிட்ட சில மாநிலங்களின் ஏடுகளே இல்லை.

வேண்டுமென்றே விலகியவர்களும் இருந்தார்கள். 1911-இல் பிரிட்டனின் பெண் வாக்குரிமைப் போராளிகள் "வாக்கு இல்லையேல் கணக்கும் இல்லை" என்று கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். ஏப்ரல் 2-ஆம் தேதி இரவைச் சிலர் வீட்டுக்கு வெளியே கழித்தார்கள். சிலர் படிவத்தின் குறுக்கே முழக்கம் எழுதினார்கள். அவர்களில் ஒருவரான எமிலி டேவிசன் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றக் கட்டடத்தின் நிலவறையில் ஓர் அலமாரிக்குள் போய் ஒளிந்துகொண்டார். மறுநாள் அவர் அகப்பட்டதும் அதிகாரி ஒருவர் அவரை அந்த முகவரியிலேயே பதிந்தார். அவர் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவும் தம் படிவத்தில் அவர் பெயரை எழுதிவிட்டார். கணக்கில் வராமலிருக்க ஒளிந்தவர் இரண்டு இடங்களில் கணக்கில் இருக்கிறார்.